பூனைக்குச் சொல் கிடைத்த கதை



பத்தாண்டு நிறைவு விழா மேடையில் காப்பியமும் கவிதையும் பேசப்படுதலே மரபு. கார்ட்டூன் தொடர் ஒன்று பேசுபொருளாவது சிலர்க்கு வியப்பளிக்கலாம். ஆயினும், சொல்லையே தொழிலாகக் கொண்டோர் கூடிய அவை இது. படம் வறுமையுற்ற ஒரு வேளையில் சொல் எவ்வாறு முன்வந்து அதன் சுமையைத் தாங்கிற்று என்பதற்கு, இத்தொடரினும் தெளிவான சான்று காட்டுதல் அரிது.

தொடரின் பெயர் 'ஸ்னூப்பர் அண்ட் பிளாபர்'. 1959 செப்டம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'குவிக் டிரா மக்ரா' என்னும் அரைமணி நேர நிகழ்ச்சியின் மூன்று பகுதிகளுள் ஒன்று. மொத்தம் 45 அத்தியாயங்கள். சூப்பர் ஸ்னூப்பர் ஒரு பூனை. பிளாபர் ஓர் எலி. இருவரும் கூட்டாகத் தொழில் நடத்தும் தனியார் துப்பறிவாளர்கள். முதற்பெயர் பிறர் செய்தியை மோப்பம் பிடிப்பவனைக் குறிக்கும். இரண்டாம் பெயர் உளறுவாயனைக் குறிக்கும். துப்பறியும் நிறுவனத்தில் உளறுவாயன் பங்காளியாக இருந்தால் தொழில் எவ்வாறு நடக்கும் என்பதைப் பெயரே உரைத்துவிடுகிறது. கள்வன் பிடிபடுவதும் உண்டு. அதற்கு இவர்தம் அறிவைவிடத் தற்செயலே பெரிதும் துணைநிற்கும்.

பூனையும் எலியும் ஒரே வண்டியில் அமர்ந்து கள்வரைத் தேடிச் செல்கின்றன. இக்காட்சியின் பொருள் முழுதும் விளங்கவேண்டுமாயின், அதனைப் படைத்தவர் யாரென்று அறிதல் வேண்டும். வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா என்னும் இருவர் மெட்ரோ-கோல்ட்வின்-மேயர் படநிறுவனத்தில் 1940 முதல் ஒரு பூனையை ஓர் எலியின் பின்னே ஓடவிட்டவர்கள். 'டாம் அண்ட் ஜெர்ரி' என்று உலகறிந்த படங்கள் அவை. ஏழு ஆஸ்கார் விருதுகள் அவற்றுக்குக் கிடைத்தன. அப்படங்களில் பூனையும் எலியும் பேசுவது மிக அரிது. டாம் நோகும்போது எழுப்பும் அலறல் பல படங்களில் ஹன்னாவின் சொந்தக் குரலே. பதினேழு ஆண்டுக் காலம் அப்பூனையின் மொழி ஓர் அலறல்!

1957இல் அந்நிறுவனம் தன் கார்ட்டூன் பிரிவை மூடிவிட்டது. பழைய படங்களைத் திரும்ப வெளியிட்டாலே ஏறத்தாழப் புதியவற்றுக்கு நிகரான வருவாய் வருமென்று கணக்கர்கள் கண்டுகொண்டதுதான் காரணம். விருதுகள் இருந்தன, வேலை இல்லை. இருவரும் நாற்பத்தைந்தைக் கடந்தவர்கள். தொலைக்காட்சி ஒன்றே திறந்திருந்த வாயில். ஆனால் அவ்வாயிலில் கிடைத்த பணம் திரையரங்கப் படத்துக்குக் கிடைத்ததில் மிகச் சிறு பங்கு.

ஈண்டு ஒரு சிறு கணக்கு இன்றியமையாதது. திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுவது. ஏழு நிமிடப் படத்துக்கு 10,080 சட்டங்கள் வேண்டும். ஒரு படத்தை இரு சட்டங்களுக்கு நிறுத்தினாலும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட அசைவு நிலைகளை வரைதல் வேண்டும். துரத்தும் பூனையின் ஒவ்வொரு தசையும் அசைய வேண்டுமாதலின் வரைவோர் கை ஓயாது. தொலைக்காட்சி தந்த பணத்தில் இது நடவாது. எனவே அவர்கள் உடலை அசையாது நிறுத்தினர். வாயையும் கண்ணையும் கையையும் மட்டும் மாற்றி மாற்றி வைத்தனர். யோகி என்னும் கரடிக்குக் கழுத்துப்பட்டையும் டையும் எதற்கென்று எண்ணியதுண்டா? உடலை ஒரு தாளிலும் தலையை வேறு தாளிலும் வரைந்து பொருத்தினால் தோன்றும் விளிம்பை மறைப்பதற்கே அவை. ஓடும் காட்சியில் அதே மரமும் அதே வீடும் மீண்டும் மீண்டும் பின்னோக்கி நகரும். மோதல் நிகழ்ந்தால் அது திரைக்கு வெளியே நிகழும். ஓசை மட்டும் கேட்கும், படம் சற்றே குலுங்கும்.

துரத்தலுக்குச் செலவு மிகுதி. பேச்சுக்குச் செலவு குறைவு. ஆகவே பூனை துரத்துவதை விட்டுப் பேசத் தொடங்கிற்று. துரத்தாத பூனைக்கு எலி பகையாக இருக்கவேண்டிய தேவையில்லை. பேச்சுத்துணையாக இருந்தால் போதும். இருவரிடையே பிறந்த நட்பு பொருளாதாரத்தின் பிள்ளை எனலாம். சிற்றிதழ் நடத்திக் கைப்பொருள் இழந்தோர் இவ்வட்டத்திலும் இருப்பர். தாள் குறையும்போது சொல் இறுகும் என்பதை அவர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

புகழ்பெற்ற கார்ட்டூன் இயக்குநர் சக் ஜோன்ஸ், தொலைக்காட்சிக்கென இவ்வாறு ஆக்கப்பட்ட படங்களைப் 'படம் சேர்த்த வானொலி' என்று எள்ளினார். அசைவின் நுட்பத்துக்கே வாழ்நாளை அளித்த கலைஞரின் கோபம் அது. அதில் நியாயம் உண்டு. ஆயினும் வேடிக்கை ஒன்று. ஜோன்ஸ் இயக்கி 1957இல் வெளிவந்த 'வாட்ஸ் ஆப்ரா, டாக்?' முதலிய படங்களின் கதையை எழுதிய மைக்கேல் மால்டீஸ்தாம், ஹன்னா-பார்பெராவிடம் வந்து இத்துப்பறிவாளர் கதைகளையும் எழுதினார். எந்தக் கையால் ஜோன்ஸின் படம் உயர்ந்ததோ, அதே கை இங்கே வானொலி எழுதிற்று. மெய்யாகவே வானொலிதான்! ஸ்னூப்பரின் பேச்சுப் பாங்கு 'டஃபீஸ் டேவர்ன்' என்னும் வானொலித் தொடரில் எட் கார்ட்னர் நடித்த ஆர்ச்சி என்னும் விடுதி மேலாளரின் பாங்கைத் தழுவியது. 1940களில் அமெரிக்கா கேட்டுச் சிரித்த குரல் அது. பெரிய சொற்களைப் பேச விரும்பித் தவறான சொற்களைப் பேசுவது ஆர்ச்சியின் இயல்பு.

இவ்வழுவுக்கு ஆங்கில இலக்கியத்தில் நீண்ட வரலாறு உண்டு. ஷெரிடனின் 'தி ரைவல்ஸ்' நாடகத்தில் (1775) வரும் மாலப்ராப் அம்மையாரால் அதற்கு ஒரு பெயரே அமைந்தது. அதற்கும் முன்னர் ஷேக்ஸ்பியரின் 'மச் அடூ அபௌட் நத்திங்' நாடகத்தில் டாக்பெரி என்னும் காவலர் இருக்கிறார். அவர் சொல்வதெல்லாம் பிழை. எனினும் அறிவுடையோர் அனைவரும் ஏமாந்திருக்க, அவருடைய காவலரே சூழ்ச்சியைக் கேட்டுக் குற்றவாளியைப் பிடிக்கின்றனர். ஸ்னூப்பரின் குலமுதல்வர் என டாக்பெரியையே கூறுதல் தகும். ஷெர்லாக் ஹோம்ஸ் அல்லர்.

இவ்வகை நகையின் சுவையைத் தமிழில் காட்ட ஓர் எடுத்துக்காட்டைப் புனைந்துகொள்ளலாம். துப்பறிவாளன் ஒருவன் தடயங்களைப் பார்த்துவிட்டு நெஞ்சு நிமிர்த்தி, “என் அனுமானம் பொய்க்காது” என்று சொல்ல எண்ணி, “என் அவமானம் பொய்க்காது” என்று சொல்லிவிடுகிறான் எனக் கொள்வோம். அவன் சொன்னது பிழை. ஆனால் கதை முடிவில் அதுவே உண்மையாகிறது. எண்ணாமல் உண்மை பேசும் நாக்கு இந்நகைக்கு உயிர்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகைக்கு நிலைக்களன்களாக நான்கினைக் கூறுவார். அவற்றுள் பேதைமை, மடன் என்னும் இரண்டும் தனித்தனியே வைக்கப்பட்டிருப்பது மாணவர்க்கு எப்போதும் இடர்தரும். இரண்டும் அறியாமைதானே என்பர். பேதைமை அறிவின்மை, மடனோ பிறர் கற்பித்ததை ஏற்று, ஏற்றதை விடாதிருத்தல் என்பது உரைமரபு. இவ்வேறுபாட்டை வகுப்பறையில் விளக்க இப்பூனையும் எலியும் மிகப் பொருத்தம். ஸ்னூப்பர் அறியாதவன், ஆனால் அறிந்தவன்போல் பேசுபவன். பிளாபர் தன் தலைவன் சொன்னதை வேதமெனக் கொண்டு கடைசிவரை விடாதவன். முன்னவன் பேதை, பின்னவன் மடவோன். ஒருவன் மட்டும் இருந்திருப்பின் நகை பாதிவழியிலேயே நின்றிருக்கும்.

தலைப்புகளும் சொல் விளையாட்டே. 'டீ-டக்-டிவ்ஸ்' என்பது ஓர் அத்தியாயம். துப்பறிவாளரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் நடுவே ஒரு வாத்து நுழைந்துவிடுகிறது. 'பர்சன் டு பிரிசன்' என்பது எட்வர்டு முர்ரோ நடத்திய 'பர்சன் டு பர்சன்' என்னும் பேட்டி நிகழ்ச்சியைச் சிறைக்கு அனுப்பும் சிலேடை. 'திருட்டுப்போன கிளியின் வழக்கு' எனப் பொருள்படும் தலைப்பு, எட்கர் ஆலன் போ எழுதிய, திருட்டுப்போன கடிதம் பற்றிய கதையின் பெயரைக் கிள்ளிப் பார்க்கிறது. போவின் பெயர் வந்தமையால் ஒன்று கூறலாம். 1841இல் அவர் எழுதிய முதல் துப்பறியும் கதையில் கொலை செய்தது ஒரு குரங்கு. ஆக, துப்பறியும் கதை பிறந்த நாளிலேயே விலங்கும் அதில் இருந்தது. குற்றவாளியாக இருந்த விலங்கு துப்பறிவாளனாவதற்கு நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் ஆயின.

காணாப் பாத்திரம் ஒன்றும் இத்தொடரில் உண்டு. அலுவலகத்திலிருந்து வண்டித் தொலைபேசியில் ஸ்னூப்பரோடு பேசும் ஹேசல் என்னும் பெண். அவள் குரல் மட்டும் கேட்கும். வரையாத உருவத்துக்குச் செலவில்லை என்பது ஒருபுறம் இருக்க, 'டஃபீஸ் டேவர்ன்' தொடரிலும் விடுதிக்கு உரிமையாளரான டஃபி ஒருநாளும் தோன்றுவதில்லை. ஆர்ச்சி தொலைபேசியில் அவரோடு பேசுவது மட்டுமே உண்டு. வறுமையும் மரபும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன.

குறையும் சொல்லவேண்டும். சொல் வலுவுடன் நின்றவரை அசையாத படம் குறையாகத் தோன்றவில்லை. பின்னாளில் இச்சிக்கன முறை வழக்கமாகி, எழுத்தும் மெலிந்தபோது, எஞ்சியது அசையாத படம் மட்டுமே. அப்போது சக் ஜோன்ஸின் எள்ளல் முழு உண்மையாயிற்று. மால்டீஸ் போன்றோர் எழுதிய காலத்துக்கும் பிற்காலத்துக்கும் உள்ள வேறுபாடு தூரிகையில் இல்லை. தாளில் எழுதப்பட்ட உரையாடலிலேதான் உள்ளது.

இறுதியாகக் குரல் பற்றி. தொடக்க அத்தியாயங்கள் சில நீங்கலாக, ஸ்னூப்பருக்கும் பிளாபருக்கும் குரல் கொடுத்தவர் டாஸ் பட்லர் என்னும் ஒருவரே. பூனை தடித்த குரலில் தவறான சொல்லை உறுதியோடு சொல்லும்; எலி சகரத்தைச் சரிவர ஒலிக்கமாட்டாத மழலை நாவால் அதனை வழிமொழியும். பட்லர் பிற்காலத்தில் தம் இல்லத்திலேயே குரல் நடிப்புப் பயிற்சி அளித்தார். 'சிம்ப்சன்ஸ்' தொடரில் பார்ட் என்னும் சிறுவனுக்குக் குரல் தரும் நான்சி கார்ட்ரைட் அவரிடம் பயின்றவர். பட்லர் 1988இல் மறைந்தார்.