அடுப்பில் எரிவது எது?

(டில்லியில் நமது சங்கத்தின் குளிர்காலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி உயர்வைப் பற்றிப் பேசும் மேடையில் இன்று விறகைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சின்ன விஷயம் என்று யாரும் எண்ண வேண்டாம். ஒரே அறையில் ஐந்து பேர் முடங்கிக் கிடக்கிறோம். அங்கே எரிவது எதுவோ, அதையே மூச்சாக இழுக்கிறோம்.

ஊரில் நமக்கு மார்கழிப் பனிதான் தெரியும். இங்கே சனவரிக் குளிர் எலும்பைக் குடைகிறது. நான் வந்த முதல் ஆண்டு, குமுட்டியில் கரி மூட்டிக் கால்மாட்டில் வைத்து, கதவைச் சாத்திப் படுத்தேன். நள்ளிரவில் குழந்தை அழுதது. எழுந்தால் தலை வெடிக்கிறது, கால் நிற்கவில்லை. தட்டுத்தடுமாறிக் கதவைத் திறந்ததால் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

கரிதான் புகையவில்லையே என்பீர்கள். கணகணவென்று கனலும் கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயு ஏற வேண்டிய இடத்தில் அது ஏறி உட்கார்ந்துகொள்ளும். தூங்குகிறவன் தூக்கத்திலேயே போய்விடுவான். படுக்கும் முன் நெருப்பை வெளியே வையுங்கள். தலைவலி, குமட்டல், மயக்கம் கண்டால் எல்லாரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அடுத்தது விறகு. நம்மில் பலர் கட்டட வேலைக்காரர்கள். மேஸ்திரி சும்மா கொடுத்தார் என்று உடைந்த பலகையைச் சுமந்து வருகிறோம். அது எந்தப் பலகை? சென்ட்ரிங் பிளைவுட்டில் பசை இருக்கிறது. அதன் புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். பழைய கதவு, சன்னலின் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அது பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும். கரையான் மருந்து ஏற்றிய மரத்தில் ஆர்செனிக் இருந்தால் அது சாம்பலிலும் தங்கும். அந்தச் சாம்பலில் பாத்திரம் துலக்கலாமா? பிளாஸ்டிக்கும் டயரும் பற்றவைக்கக்கூட வேண்டாம். சாலையோர அரளிக் குச்சி நஞ்சு.

ஊரில் வேலிக்கருவை என்போமே, அதுதான் இங்கே விலாயத்தி கீக்கர். காய்ந்த கட்டை நின்று எரியும். இரண்டு கட்டைகளைத் தட்டினால் 'ணங்' என்று ஒலிக்க வேண்டும். பச்சை விறகு தன் ஈரத்தை வற்றவைக்கவே சூட்டைச் செலவழித்து, நமக்குப் புகையைத் தரும். அனுமதியின்றி மரம் வெட்டுவதோ 1994ஆம் ஆண்டின் டில்லிச் சட்டப்படி குற்றம்.

ஆனால் தோழர்களே, நல்ல விறகின் புகையும் நெஞ்சுக்குக் கேடுதான். ரேஷன் கார்டு ஊரில் இருக்கிறது, முகவரிச் சான்று இல்லை என்று நம் பெண்களை எத்தனை முறை திருப்பி அனுப்பினார்கள்! 2021 ஆகஸ்டில் தொடங்கிய உஜ்வலா இரண்டாம் கட்டத்தில், புலம்பெயர்ந்த ஏழைக் குடும்பத்துக்கு அந்த இரண்டுக்கும் பதில் சுய உறுதிமொழி போதும் என்று அரசே அறிவித்தது. 5 கிலோ சிலிண்டரை அடையாள அட்டை காட்டி வாங்கவும் வழி உண்டு. தெருவில் திருட்டுத்தனமாக நிரப்பும் சிலிண்டர் மட்டும் வேண்டாம், அது வெடிகுண்டு.

காவல் வேலை செய்யும் தோழர்களே! குப்பையை எரித்துக் குளிர்காய்ந்தால் அபராதம். அதே டில்லியின் காற்று மாசுத் தடுப்புத் திட்டம், காவலாளிகளுக்கு மின்சார ஹீட்டர் தருவது குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பு என்கிறது. அபராதம் நமக்குத் தெரிகிறது. ஹீட்டர் ஏன் தெரியவில்லை?

தனியாகப் போனால் விரட்டுவார்கள், சேர்ந்து போவோம். உறுதிமொழி எழுதத் தெரியாதவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள், எழுதித் தருகிறோம். இன்றிரவு கரிச்சட்டி வாசலுக்கு வெளியே இருக்கட்டும்!