தம்பிக்கு எந்த வீடு?



கதிரை கிடைக்காமல் பின்னால் நிற்கும் தம்பிமாரே! இன்று உங்களைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

கல்முனையிலிருந்து பொத்துவில் வரை நம் ஊர்களில் பெண்பிள்ளைக்கு வீடு உண்டு. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருகிறார். அடுத்த வளவில் ராத்தா, பின்வளவில் உம்மா, வேலிக்கு அப்பால் சாச்சி. தாய்வழியில் குடி என்னும் குலம் வருகிறது. அந்தக் குடியின் சார்பில் பள்ளிவாசலில் மரைக்காயர் அமர்கிறார். அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 2008 இல் வெளிவந்த தன் நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். பிள்ளைப்பேறோ மையித்தோ, நம் பெண்களைச் சுற்றிச் சொந்தம் நிற்கிறது. இந்த அமைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் அந்த வீட்டைக் கட்டியது யார்? வாப்பாவால் முடியாதபோது மகன் கட்டாருக்குப் போகிறான். அவன் அனுப்பும் ரியாலில் தங்கச்சி வீட்டுக்கு அத்திவாரம் விழுகிறது, சுவர் எழும்புகிறது, கூரை ஏறுகிறது. லீவில் வருகிறான். வீட்டில் மச்சான் இருக்கிறார். உம்மாவும் வாப்பாவும் பின்னால் ஒரு சிறிய அறைக்கு ஒதுங்கிவிட்டார்கள். இவன் பாய் விறாந்தையில் விரிகிறது. பிறந்த வளவு தங்கச்சியின் வீடாகிவிட்டது, மனைவியின் வீடு இன்னும் அமையவில்லை. நடுவில் நிற்கும் அந்த வருடங்களில் அவன் எங்கே போவான்? நாம் கேட்பதில்லை. "ஆம்பிளைப் பிள்ளைதானே, அவனுக்கென்ன" என்று சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு பேச்சு என் நெஞ்சைச் சுடுகிறது.

அவனைத் தாங்க வேண்டிய சொந்தமும் சிதறியது. 2004 டிசம்பர் 26 சுனாமியை மறந்தவர் இங்கே இல்லை. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருதுக் கரையில் சகோதரிகளின் வீடுகள் வரிசையாகவே அழிந்தன. கரையோரத்தில் மீண்டும் கட்டத் தடை வந்தது. ஒரே வேலியைப் பகிர்ந்தவர்கள் வெவ்வேறு வீட்டுத்திட்டங்களுக்குப் பிரிந்துபோனார்கள். அன்று மடியில் இருந்த பிள்ளைகளுக்கு இன்று இருபது வயது தாண்டிவிட்டது. சாச்சி வீட்டுக்கும் மூத்தம்மா வீட்டுக்கும் ஓடி வளரும் வாய்ப்பு அவர்களில் பலருக்குக் கிடைக்கவில்லை.

இப்படி விடுபட்டு நிற்பதன் பெயர் தனிமை. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையில் வாடுவதாக உலக சுகாதார நிறுவனம் 2025 இல் அறிவித்தது. இளையவர்களிடம் அது இன்னும் கூடுதல். நம் ஊரில் சனநெரிசல் அதிகம்தான். ஆனால் நெரிசலுக்குள் இருக்கும் தனிமையைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம்.

மரைக்காயர்மாரே, உங்களிடம் கேட்கிறேன். மாப்பிள்ளைப் பேச்சில் வீட்டின் அளவை விலைபேசுவதை நிறுத்தச் சொல்லுங்கள். வீடு சிறிதானால் மகன் வெளிநாட்டில் கழிக்கும் வருடமும் குறையும். குடிக் கூட்டத்துக்குக் கலியாணம் ஆகாத இளைஞர்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். பெற்றோரே, பெண்ணுக்குக் கட்டும் வீட்டிலேயே மகனுக்கும் ஓர் அறை போடுங்கள். அவன் கலியாணமாகிப் போன பிறகும் அது அவன் அறையாக இருக்கட்டும். கட்டாரில் இருக்கும் பிள்ளைக்கு இன்றிரவு அழைப்பு எடுக்கும்போது, காசு வந்ததா என்ற கதையை நாளைக்கு வைத்துக்கொண்டு, யாரோடு சாப்பிட்டாய் என்று முதலில் கேளுங்கள்.