முப்பது செகண்ட் கிளிப்புக்கு வெளியே இருக்கிற பேச்சு

போன ஞாயிற்றுக்கிழமை எங்க ஒன்றியத்துப் படிப்பகத்துல, ஒன்பதாவதுலேர்ந்து பன்னிரண்டாவது வரைக்கும் படிக்கிற பிள்ளைங்களுக்கு மேடைப்பேச்சு வகுப்பு நடந்துச்சு. அதுல நான் பேசினதை எழுத்துல கேட்டாங்க. கீழே இருக்கு. கொஞ்சம் நீளம்தான், டீ குடிச்சுக்கிட்டே படிங்க. வீட்ல ஸ்கூல் படிக்கிற பிள்ளைங்க இருந்தா அவங்ககிட்டயும் காட்டுங்க.

தம்பி, தங்கச்சிகளே, முதல்லயே ஒரு உண்மையைச் சொல்லிடறேன். நான் பேச்சாளர் இல்ல. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடிச்சவன். ஐடி விங்ல என் வேலை, அடுத்தவங்க பேசின பேச்சை வெட்டுறது. நாற்பது நிமிஷம் பேசுவாங்க. நான் முப்பது செகண்ட் எடுப்பேன். அதுக்கு மியூசிக் போட்டு, கீழே எழுத்து ஓட விட்டு, ராத்திரி எட்டு மணிக்கு அப்லோட் பண்ணுவேன். நீங்க உங்க ஃபோன்ல பார்க்கிற "செம்ம ஸ்பீச்" எல்லாம் என்னை மாதிரி ஒருத்தன் வெட்டினதுதான்.

அப்படி வெட்டினதுல ஒரு தடவை அசிங்கப்பட்டிருக்கேன். எங்க மாவட்டப் பேச்சாளர் ஒருத்தர் ஒரு ஊரோட குடிதண்ணிப் பிரச்சினையைப் பத்தி பொதுக்கூட்டத்துல பேசினார். மேல்நிலைத் தொட்டி கட்டியாச்சு, பைப் லைன் போடல. என்னிக்கு மனு கொடுத்தாங்க, என்ன பதில் வந்துச்சு, மறுபடி என்னிக்குக் கொடுத்தாங்கன்னு ஒவ்வொரு தேதியா வாசிச்சார். கூட்டம் அமைதியா கேட்டுச்சு. கடைசியில குரலை உயர்த்தி, குடத்தோட நடக்கிற தாய்மாரைப் பத்தி ரெண்டு வரி சொன்னார், விசில் பறந்துச்சு. நான் அந்த விசில் வாங்கின இடத்தை மட்டும் வெட்டிப் போட்டேன். நல்லா ஓடுச்சு. அடுத்த வாரம் அந்த ஊர்க்கார அக்கா ஒருத்தங்க என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க. "தம்பி, மனு கொடுத்த தேதியெல்லாம் சொன்னாரே, அது எங்க? அதை பி.டி.ஓ. ஆபீஸ்ல போட்டுக் காட்டலாம்னு இருந்தோம்"னு கேட்டாங்க. எனக்குப் பதில் இல்ல. அவங்களுக்கு உதவுற பாகத்தைத் தூக்கிக் குப்பையில போட்டவன் நான்.

இன்னிக்கு ஒரே ஒரு பேச்சை எடுத்துப் பார்ப்போம். உலகத்துலயே அதிகமா வெட்டப்பட்ட பேச்சுன்னுகூட சொல்லலாம். மார்ட்டின் லூதர் கிங், 1963 ஆகஸ்ட் 28, வாஷிங்டன்ல லிங்கன் நினைவிடத்து வாசல்ல பேசினது. எதிர்ல சுமார் 2,50,000 பேர். "எனக்கொரு கனவு இருக்கு"ன்னு அவர் சொல்ற இடம் உங்களுக்குத் தெரியும், இங்கிலீஷ் மிஸ் சொல்லியிருப்பாங்க. ஆனா கேளுங்க, பேச்சு மொத்தம் சுமார் 17 நிமிஷம். அந்தக் கனவு வர்றது பாதிக்கு மேல கடந்த பிறகுதான். அதுக்கு முன்னாடி என்ன பேசினார்? கை தூக்குங்க பார்ப்போம்.

(ஒரு கைகூட தூக்கல.)

பேங்க் செக்கைப் பத்திப் பேசினார்! நிஜமாத்தான். அவர் சொன்னதோட சாரம் இது. இந்த நாடு உருவானப்போ எல்லா மனுசனுக்கும் உரிமை உண்டுன்னு பெரியவங்க எழுதிக் கொடுத்தாங்க. அது ஒரு கடன் பத்திரம் மாதிரி. கறுப்பின மக்கள் அதைக் கொண்டுபோய் நீட்டினா, கணக்குல பணம் இல்லைன்னு செக் திரும்பி வருது. நீதியோட பேங்க் திவாலாயிடுச்சுன்னு நாங்க நம்பத் தயாரா இல்ல, அதனால பணத்தை வாங்கத்தான் வந்திருக்கோம். இதுதான் அவர் வாதம். செக் பவுன்ஸ் ஆனா கோபம் வரும்னு யாருக்கும் விளக்க வேண்டியதில்லையே. அரசியல் சட்டத்தைப் படிக்காத ஆளுக்கும் அரசியல் சட்டம் புரிஞ்சு போச்சு.

அந்தப் பேரணியோட பேரே வேலைக்கும் விடுதலைக்குமான பேரணிதான். குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2 டாலர் வேணும்னு கோரிக்கைப் பட்டியல்லயே இருந்துச்சு. இன்னிக்கு யாரும் அதை ஸ்டேட்டஸ் வைக்கிறதில்ல. கனவு மட்டும்தான் மிஞ்சியிருக்கு. கடன் பாக்கியை முதல்ல சொன்னதாலதான் கனவுக்கு கனம் வந்துச்சு, இல்லைன்னா அது வெறும் வாழ்த்து அட்டை.

கிரேக்கத்துல அரிஸ்டாட்டில்னு ஒருத்தர் 2,300 வருஷத்துக்கு முன்னாடியே இதைப் பிரிச்சு வெச்சுட்டார். ஒரு பேச்சு நம்மளை நம்ப வைக்கிறது மூணு வழியில. பேசறவர் மேல வர்ற நம்பிக்கை, கேக்கிறவங்க மனசுல எழுற உணர்ச்சி, பேச்சுக்குள்ள இருக்கிற காரணம். கிங் பேச்சுல மூணும் இருக்கு. போராட்டத்துல ஜெயிலுக்குப் போய் வந்தவர் பேசறார், அது நம்பிக்கை. செக், காரணம். கனவு, உணர்ச்சி. இதுல மூணாவதா சொன்ன காரணத்தைத்தான் என்னை மாதிரி ஆளுங்க முதல்ல வெட்டுவோம், ஏன்னா அதுக்கு நேரம் எடுக்கும்.

நம்ம ஊர்லயும் இதுக்குப் பஞ்சமில்ல. திருக்குறள்ல சொல்வன்மைக்குத் தனி அதிகாரம் இருக்கு. அது போக 72-வது அதிகாரம் அவை அறிதல், 73-வது அவை அஞ்சாமை. வரிசையைக் கவனிச்சீங்களா? எதிர்ல யார் உக்காந்திருக்காங்கன்னு தெரிஞ்சுக்கிறது முதல்ல, பயப்படாம இருக்கிறது அப்புறம். எனக்கு இது லேட்டாத்தான் உறைச்சுது. பேச்சுப் போட்டியில நாம என்ன பண்றோம்? "மாண்புமிகு நடுவர் அவர்களே, மாசற்ற மாணவச் செல்வங்களே"ன்னு ஆரம்பிச்சு, மிஸ் எழுதிக் கொடுத்ததை கூரையைப் பார்த்து ஒப்பிக்கிறோம். எட்டாவது படிக்கும்போது நாலாவது வரியில எனக்கு மறந்து போச்சு. மறுபடி "மாண்புமிகு"லேர்ந்து ஆரம்பிச்சேன். மறுபடி அதே நாலாவது வரி! ஆறுதல் பரிசுகூட கிடைக்கல.

கிங்குக்கு எதிர்ல ரெண்டு அவை. நேர்ல நிக்கிற ஜனம் ஒண்ணு, அதுல வெள்ளைக்காரங்களும் பல ஆயிரம் பேர். டிவியில நேரடியா பார்க்கிற மொத்த அமெரிக்கா இன்னொண்ணு. அதனாலதான் லிங்கன் பேச்சை ஞாபகப்படுத்துற மாதிரி பழைய நடையில, நூறு வருஷம் முன்னாடி கையெழுத்தான அடிமை விடுதலை அறிவிப்பைச் சொல்லி ஆரம்பிச்சார். கேக்கிறவங்க ஏற்கெனவே மதிக்கிற ஒண்ணுலேர்ந்து தொடங்கினா, அடுத்து வர்ற கஷ்டமான விஷயத்தையும் அவங்க கேப்பாங்க.

இன்னொரு சங்கதி. கனவுப் பகுதி அன்னிக்கு எழுதி வெச்ச தாள்ல இல்ல. பாடகி மஹாலியா ஜாக்சன் பக்கத்துலேர்ந்து கனவைப் பத்திச் சொல்லுங்கன்னு குரல் கொடுத்தாங்க, இவர் தாளை விட்டுட்டுப் பேச ஆரம்பிச்சார்னு கூட இருந்தவங்க சொல்றாங்க. "பார்த்தியா, அருவி மாதிரி கொட்டுச்சு"ன்னு நினைச்சிடாதீங்க. அதே கனவை 1963 ஜூன்ல டெட்ராய்ட்ல பேசியிருக்கார். அதுக்கும் முன்னாடி 1962 நவம்பர்ல, வடக்கு கரோலினாவுல ராக்கி மவுன்ட்னு ஒரு சின்ன ஊர்ல பேசியிருக்கார். எங்கன்னு கேளுங்க. ஒரு ஹைஸ்கூல் விளையாட்டு அரங்கத்துல! உங்க ஸ்கூல் மாதிரி ஒரு ஸ்கூல்ல பேசிப் பார்த்துத் திருத்தித் திருத்தித்தான் வாஷிங்டன் வந்திருக்கு. இறையியல் கல்லூரியில மேடைப்பேச்சுப் பாடத்துல அவர் வாங்கினது சி கிரேடுதான். அரியர் வெச்ச எனக்கு இது பெரிய ஆறுதல்.

அவர் ஒரே தொடரைத் திரும்பத் திரும்ப வாக்கியத்தோட முதல்ல வைப்பார். நம்ம மேடை அடுக்குமொழிக்கு அது சித்தப்பா பிள்ளை மாதிரி. திரும்ப வர்றப்போ கூட்டம் அடுத்த வரிக்குத் தயாராயிடும், பேசறவரோட சேர்ந்து மூச்சு விடும். ஆனா இதே கருவியில பொய்யையும் பதிய வைக்கலாம். பத்து தடவை கேட்டா எதுவும் பழகின விஷயம் மாதிரி தெரியும்.

அதுக்கும் ஒரு உதாரணம் வேணும்ல? ஷேக்ஸ்பியரோட ஜூலியஸ் சீசர் நாடகம். சீசரைக் கொன்ன புரூட்டஸ் முதல்ல வந்து காரணம் சொல்றான், கூட்டம் அவனுக்குக் கைதட்டுது. அப்புறம் ஆன்டனி வர்றான். கொன்னவங்களை மரியாதைக்குரியவங்கன்னு திரும்பத் திரும்பச் சொல்லியே அந்த வார்த்தையைக் கேலியாக்கிடறான். ரத்தம் படிஞ்ச அங்கியைக் காட்டறான், உயிலை ஆட்டறான். அதே கூட்டம் தீப்பந்தத்தோட தெருவுக்கு ஓடுது. வழியில சின்னான்னு ஒரு கவிஞன் மாட்டறான். சதிக்காரன் ஒருத்தனுக்கும் அதே பேர். நான் அவன் இல்லைன்னு கதறியும் விடாம அடிச்சுக் கொல்றாங்க. வாட்ஸ்அப்ல பிள்ளை பிடிக்கிறவன்னு வதந்தி வந்து, வழிப்போக்கனைக் கட்டி வெச்சு அடிச்ச செய்தியெல்லாம் நீங்களும் பார்த்திருப்பீங்க.

ஆன்டனியும் அபாரமான பேச்சாளன்தான். அப்ப கிங்குக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்? எனக்குத் தெரிஞ்ச ஒரு சோதனை இருக்கு. ஆன்டனி கூட்டத்துக்கு இனிக்கிறதை மட்டும்தான் கொடுக்கிறான். கிங் பேச்சோட நடுவுல தன் ஜனத்தைப் பார்த்தே திரும்பறார். நம்ம போராட்டம் வன்முறையா சரியக்கூடாது, எல்லா வெள்ளைக்காரங்களையும் சந்தேகப்படக்கூடாதுன்னு சொல்றார். அடியும் ஜெயிலும் பார்த்து வந்த கூட்டத்துக்கு அது கசப்பு மருந்து. விசில் அடிக்கிற பகுதியை விட்டுட்டு, தன் ஆளுங்களுக்கே பிடிக்காத ஒரு வரி பேச்சுல எங்கயாவது இருக்கான்னு தேடுங்க. இருந்தா அவர் உங்களை மனுசனா மதிக்கிறார். ஒரு வரிகூட இல்லைன்னா உஷாரா இருங்க.

இதைச் சொன்னப்போ பின்வரிசையில ஒரு பதினொண்ணாவது படிக்கிற தங்கச்சி எழுந்திரிச்சது. "அண்ணா, உங்க கட்சித் தலைவர் பேச்சுக்கும் இந்தச் சோதனை உண்டா?" ஹால்ல எல்லாரும் சிரிச்சாங்க. என்கூட வந்த நிர்வாகி அண்ணன் என்னைப் பார்த்தார். எனக்கு ஒரு நிமிஷம் வேர்த்துடுச்சு.

உண்டும்மா, அங்கேயிருந்துதான் ஆரம்பிக்கணும்னு சொன்னேன்.

அடுத்த ஞாயிறு வகுப்புக்கு வீட்டுப்பாடம் இதுதான். ஏதாவது ஒரு வைரல் பேச்சு கிளிப்பை எடுங்க, எந்தக் கட்சியா இருந்தாலும் சரி. முழுப் பேச்சைத் தேடிப் பிடிச்சு, வெட்டின இடத்துக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம், பின்னாடி அஞ்சு நிமிஷம் கேளுங்க. என்ன காணாமப் போயிருக்குன்னு ஒரு பக்கம் எழுதிட்டு வாங்க. முதல் பேச்சா நம்ம தலைவரோடதையே போட்டுக் கேட்போம். குடிதண்ணி கிளிப்பையும் கொண்டு வர்றேன். அந்த மனுத் தேதிகள் இருக்கிற முழு வீடியோவை அந்த அக்காவுக்கு அனுப்பியாச்சு, இந்தப் பக்கத்துலயும் நாளைக்கு ஏத்திடறோம்.