கொடுப்பதற்கு எத்தனை பெயர்கள்!

(நமது அறக்கட்டளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



 

பொருளாளர் வரவு செலவை வாசித்து முடித்துவிட்டார். ரமளான் நெருங்குகிறது. ஜகாத்தும் ஃபித்ராவும் வந்து சேரும் காலம் இது. இந்த நேரத்தில் நன்கொடையாளர்கள் சிலர், குறிப்பாக வளைகுடாவில் உழைக்கும் நம் பிள்ளைகள், ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். "மற்ற இடங்களில் தையல் இயந்திரம் கொடுத்தாலும், அரிசி மூட்டை கொடுத்தாலும், வாங்குபவரோடு படம் எடுத்துப் பத்திரிகையில் போடுகிறார்கள். நாம் ஏன் போடுவதில்லை? நாங்கள் அனுப்பிய பணம் யாருக்குப் போனது என்று எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். வெயிலில் நின்று சம்பாதித்த பணம். கேட்க உரிமை உண்டு. அதற்கான பதிலை இன்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல நினைக்கிறோம். கொடுப்பதற்கு ஒவ்வொரு சமயமும் என்ன பெயர் வைத்திருக்கிறது, அந்தப் பெயருக்குள் என்ன பொருள் இருக்கிறது என்று பார்த்தால், பதில் தானாகவே கிடைத்துவிடும்.

ஜகாத், ஸதகா

முதலில் நம் வீட்டிலிருந்து தொடங்குவோம். ஜகாத் என்ற சொல்லுக்குத் தூய்மை என்றும் வளர்ச்சி என்றும் பொருள். தங்கத்தில் சுமார் 85 முதல் 87½ கிராம், அதாவது ஏறக்குறைய 11 பவுன் மதிப்புள்ள செல்வம் ஓராண்டு கையில் நின்றால், அதில் நாற்பதில் ஒரு பங்கு போக வேண்டும். ஒரு லட்சத்துக்கு 2,500 ரூபாய். இந்தப் பங்கைக் குர்ஆன் கொடுப்பவரின் பெருந்தன்மை என்று சொல்லவில்லை. கேட்பவருக்கும் கேட்காமல் இருப்பவருக்கும் செல்வந்தரின் பொருளில் குறிப்பிட்ட உரிமை உண்டு என்றுதான் 70ஆம் அத்தியாயம் பேசுகிறது. அப்படியானால் அந்த 2,500 ரூபாய் நம் பெட்டியில் இருந்தாலும் அது நம்முடையது அல்ல. அடுத்தவர் பொருளை அவரிடம் ஒப்படைக்கிறோம், அவ்வளவுதான். ஒருவருடைய பொருளை அவரிடமே திருப்பிக் கொடுக்கும்போது அவரை நிற்க வைத்துப் படம் எடுப்போமா?

ஜகாத் யாருக்குப் போக வேண்டும் என்று 9ஆம் அத்தியாயம் எட்டு வகையினரைச் சொல்கிறது. ஏழைகள், வறியவர்கள், கடனில் மூழ்கியவர்கள், வழிப்போக்கர்கள் என்று நீளும் அந்தப் பட்டியலில் ஒரு வகையினர் ஆமில்கள், அதாவது ஜகாத்தை வசூலித்துப் பங்கிடும் பணியாளர்கள். நிர்வாகத்தையும் மார்க்கம் அந்தப் பட்டியலிலேயே வைத்திருக்கிறது. ஆகவே கணக்கு எழுதுவதும் கணக்குக் காட்டுவதும் நமக்குக் கடமை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்கே திரும்பி வருவோம்.

ஸதகா என்பது ஸித்க், அதாவது உண்மை என்ற வேரில் பிறந்த சொல். கொடுப்பவரின் ஈமான் உண்மையானது என்பதற்கு அது சாட்சி. அந்த ஸதகாவை, கொடுத்ததைச் சொல்லிக்காட்டியும் மனதை நோகடித்தும் பாழாக்கிவிடாதீர்கள் என்று 2ஆம் அத்தியாயத்தின் 264ஆம் வசனம் எச்சரிக்கிறது. அதே அத்தியாயத்தில் 273ஆம் வசனம், மானத்தோடு யாரிடமும் கைநீட்டாமல் இருப்பதால் வசதியானவர்கள் என்று மற்றவர்கள் எண்ணிவிடும் ஏழைகளைப் பற்றிப் பேசுகிறது. நம் மஹல்லாவிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். வெள்ளைச் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு முதல் ஸஃப்பில் வந்து நிற்பார்கள். வீட்டில் அடுப்பு எரிந்ததா என்பது நமக்குத் தெரியாது. மேடையில் படம் எடுப்போம் என்றால் அவர்கள் நம் வாசல் பக்கமே வரமாட்டார்கள்.

யூதர்களின் ஸெதாக்கா

அரபியும் ஹீப்ருவும் உடன்பிறந்த மொழிகள். நம் ஸதகாவோடு ஒரே வேரைச் சேர்ந்ததுதான் ஹீப்ருவின் ஸெதாக்கா. நம் மொழியில் அந்த வேர் உண்மையைக் குறிக்க, அவர்கள் மொழியில் நீதியைக் குறிக்கிறது. ஏழைக்குக் கொடுப்பது நீதி செலுத்துவது, கொடுக்காவிட்டால் அநீதி. வயலை அறுக்கும்போது ஓரங்களை விட்டுவிட வேண்டும், சிந்திய கதிரைப் பொறுக்கக் கூடாது, அவை ஏழைக்கும் அந்நியருக்கும் உரியவை என்பது அவர்களுடைய வேதச் சட்டம்.

இதை மிக நுணுக்கமாக விளக்கியவர் மூஸா இப்னு மைமூன். மேற்கத்தியர் மைமோனிடிஸ் என்பார்கள். ஸ்பெயினின் குர்துபாவில் பிறந்து, எகிப்தில் சுல்தான் ஸலாஹுத்தீனின் அரசவை வட்டாரத்தில் மருத்துவராக விளங்கி, 1204இல் மறைந்த யூத அறிஞர். கொடுப்பதில் எட்டுப் படிகள் உண்டு என்று அவர் எழுதினார். முகம் சுளித்துக்கொண்டு கொடுப்பது கடைசிப் படி. குறைவாகக் கொடுத்தாலும் இன்முகத்தோடு கொடுப்பது அதற்கு மேல். கேட்ட பிறகு கொடுப்பது, கேட்கும் முன்பே கொடுப்பது என்று ஏறி, கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்று ஒருவருக்கொருவர் தெரியாமல் கொடுப்பது மேலிருந்து இரண்டாவது படி. எல்லாவற்றுக்கும் உச்சி எது தெரியுமா? கடனாகவோ, கூட்டுத் தொழிலாகவோ, வேலையாகவோ கொடுத்து, அவர் இனி யாரிடமும் கேட்க வேண்டாத நிலைக்கு உயர்த்திவிடுவது. நாம் நடத்தும் கர்ழ் ஹஸன் வட்டியில்லாக் கடன் திட்டம் அந்த உச்சிப் படியில்தான் நிற்கிறது.

கிறிஸ்தவர்களின் அன்பும் பணிவிடையும்

ஆங்கிலத்தில் சாரிட்டி என்கிறோமே, அது காரித்தாஸ் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதற்கு அன்பு என்று பொருள். இன்னொரு சொல் தியாக்கோனியா; பணிவிடை என்று பொருள் தரும் கிரேக்கச் சொல். எருசலேமில் இருந்த முதல் கிறிஸ்தவ சபையில், கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பங்கீட்டில் கவனிக்கப்படவில்லை என்று முறையீடு எழுந்ததையும், அதைச் சரிசெய்ய ஏழு பேரைப் பொறுப்பாக நியமித்ததையும் அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரம் சொல்கிறது. பங்கிடும் இடத்தில் முறையீடு வரும், அதைக் கேட்டுச் சரிசெய்ய ஆள் வேண்டும் என்பது எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் பாடம்.

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்ற கருத்து பைபிளில் மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. மறுமையில் அர்ஷின் நிழல் பெறும் ஏழு கூட்டத்தாரைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸிலும் அதே உவமை வருகிறது; புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. நம் ஹஜ்ரத்தும் பங்குத்தந்தையும் இந்த ஒன்றில் ஒரே பயான்தான் செய்ய முடியும்.

தானம், ஈகை, ஒப்புரவு, லங்கர்

இந்து சமயத்தில் தானம். பகவத் கீதையின் 17ஆம் அத்தியாயம் தானத்தை மூன்றாகப் பிரிக்கிறது. திருப்பித் தர இயலாதவருக்குக் கடமை என்று கொடுப்பது சாத்வீகம். பலனை எதிர்பார்த்தோ மனமில்லாமலோ கொடுப்பது ராஜசம். தகாத இடத்தில், மரியாதையின்றி, இகழ்ச்சியோடு கொடுப்பது தாமசம். ஒரே பத்து ரூபாய்தான்; கொடுக்கும் விதத்தில் மூன்று தானமாகிவிடுகிறது.

பௌத்தத்திலும் தானம் என்றே பெயர். தேரவாதம் சொல்லும் பத்துப் பாரமிதைகளில் முதலாவது அது. பிட்சு பாத்திரத்தோடு வந்தால், கொடுப்பவர்தான் குனிந்து வணங்குகிறார். தமிழில் அந்த மரபின் காவியமான மணிமேகலையில், அமுதசுரபியைக் கையில் ஏந்திய மணிமேகலை சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றுகிறாள்.

திருவள்ளுவர் 22ஆம் அதிகாரத்துக்கு ஒப்புரவறிதல் என்றும், 23ஆம் அதிகாரத்துக்கு ஈகை என்றும் பெயர் வைத்தார். ஈகை வறியவருக்குத் தருவது. ஒப்புரவு ஊரோடு சேர்ந்து வாழும் கடமை. அதற்கு அவர் காட்டும் உவமைகளில் ஒன்று நீர் நிறைந்த ஊருணி. ஊருணி, யார் வந்து மொண்டுகொண்டு போனார்கள் என்று பெயர் எழுதி வைப்பதில்லை.

சீக்கியர்கள் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தஸ்வந்த் என்று ஒதுக்குகிறார்கள். அவர்களுடைய குருத்வாராக்களில் லங்கர் என்ற பொது உணவுக்கூடம் உண்டு. அது பாரசீகச் சொல். சூஃபிகளின் கான்காக்களிலும் வழங்கிவரும் சொல். அங்கே அனைவரும் ஒரே வரிசையில் தரையில் அமர்ந்து சாப்பிடுகிறார்கள். செல்வந்தரும் அதே வரிசையில் உட்கார்ந்திருப்பதால் ஏழை யார் என்று தனியாகத் தெரியாது. நம் பள்ளிவாசலின் நோன்புக் கஞ்சியும் அப்படித்தானே! தூக்குச்சட்டியோடு வரும் பிள்ளையிடம் நீ எந்த வீடு, என்ன மதம் என்று நாம் கேட்பதில்லை.

கணக்கு வேறு, முகம் வேறு

இப்போது கேள்விக்கு வருவோம். ஜகாத் உரிமை என்கிறது. ஸெதாக்கா நீதி என்கிறது. காரித்தாஸ் அன்பு என்கிறது. தானமும் ஈகையும் பலனை எதிர்பார்க்காதே என்கின்றன. சமயங்களுக்குள் இறைவனைப் பற்றிய நம்பிக்கையில் பெரிய வேறுபாடுகள் உண்டு. அவற்றை இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் வாங்குபவரின் மானத்தைக் காப்பதில் இத்தனை சொற்களும் ஒன்றாக நிற்கின்றன.

ஸதகாவை வெளிப்படையாகக் கொடுப்பதும் நல்லது என்று 2:271 சொல்கிறதே என்று ஒரு சகோதரர் கேட்டார். உண்மை. மற்றவர்களுக்குத் தூண்டுதலாக ஒருவர் தன் பெயரை வெளியே சொல்லலாம். அது அவருடைய பெயர், அவருடைய முடிவு. மறைவாக ஏழைகளுக்குக் கொடுப்பது அதைவிடச் சிறந்தது என்றும் அதே வசனம் சொல்கிறது. எப்படியானாலும், தன்னை வெளிப்படுத்தும் அனுமதி, வாங்குபவரை வெளிப்படுத்தும் அனுமதி ஆகாது. நபியவர்களின் பேரர் ஹுசைன் (ரலி) அவர்களின் மகனார் ஜைனுல் ஆபிதீன் அவர்கள் இரவில் மாவு மூட்டையை முதுகில் சுமந்து மதீனாவின் ஏழை வீடுகளில் வைத்துவிட்டு வருவார்கள் என்றும், அவர்கள் மறைந்த பிறகுதான் யார் வைத்தது என்று ஊருக்குத் தெரிந்தது என்றும் வரலாற்று நூல்கள் சொல்கின்றன.

இன்னொன்றையும் யோசியுங்கள். கல்வி உதவி பெறும் பத்து வயதுப் பெண்பிள்ளையின் படத்தை இன்று போட்டால், அது கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டே இருக்கும். பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து, அவள் படித்து வேலையில் இருக்கும்போதும், நிக்காஹ் பேசும்போதும் அந்தப் படம் எங்கிருந்தாவது வந்து நிற்கும். அந்தப் பிள்ளையிடம் நாம் அனுமதி கேட்டோமா? கேட்டாலும், உதவி தேவைப்படும் நேரத்தில் மறுக்க அவளால் முடியுமா?

ஆகவே செயற்குழுவின் தீர்மானத்தை உங்கள் முன் வைக்கிறோம். உதவி பெறுவோரின் படமோ பெயரோ இதழிலும் வாட்ஸ்அப்பிலும் வெளிவராது. ஆனால் எந்தத் தலைப்பில் எத்தனை குடும்பங்களுக்கு எவ்வளவு போனது என்ற விவரம் ஒவ்வோர் இதழிலும் வரும். ஜகாத், ஃபித்ரா, ஸதகா ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கணக்கு இருக்கும். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் பொறுப்பாளர்கள் இருவர் நேரில் விசாரிப்பார்கள். தணிக்கை செய்த பதிவேட்டை நன்கொடையாளர்கள் அலுவலகத்துக்கு வந்து பார்க்கலாம். அதிலும் குடும்பங்களுக்குப் பதிவு எண்தான் இருக்கும். கணக்குக் காட்டுவோம், முகம் காட்ட மாட்டோம்.

ஸதகாக் கணக்கிலிருந்து பிற சமயத்து அண்டை வீட்டாருக்கும் உதவுவது தொடரும். கண்பார்வை இழந்து யாசித்துக்கொண்டிருந்த யூத முதியவரை உமர் (ரலி) அவர்கள் வீட்டுக்கு அழைத்துச் சென்று உதவி, பைத்துல் மாலிலிருந்து அவருக்கு உதவித்தொகை ஏற்பாடு செய்ததாக இமாம் அபூயூசுஃப் அவர்களின் கிதாபுல் கராஜில் பதிவாகியிருக்கிறது. நமக்கு அந்த முன்மாதிரி போதும்.

வளைகுடாவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இங்குள்ள பெற்றோர்கள் இந்தப் பதிலை எடுத்துச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் ஊருக்கு வரும்போது பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கட்டும். தீர்மானத்தின் மீது கருத்துச் சொல்ல விரும்புவோர் இப்போது எழுந்து பேசலாம். கைதூக்கி முடிவு செய்த பிறகு தேநீருக்குக் கலைவோம்.

நம் நிய்யத்தைத் தூய்மையாக்கி, கொடுக்கும் கையையும் வாங்கும் கையையும் கண்ணியப்படுத்த வல்ல இறைவன் அருள்புரிவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.