மரப் படகுக்குக் கண்ணாடிச் சட்டை

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



விருந்தினர் கார் நிறுத்தும் இடத்தில் இரண்டு ஸ்டாண்டு மேல் கவிழ்ந்து கிடக்கும் 16 அடிப் படகைப் பற்றிப் பேச, செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். அது கயாக் என்னும் துடுப்புப் படகு. நானும் இரண்டாம் மாடியில் இருக்கும் இரண்டு கல்லூரி மாணவர்களும் சேர்ந்து செய்து வருகிறோம். மரவேலை முடிந்துவிட்டது. இனி ஃபைபர் கிளாஸ் ஒட்டும் வேலை. "மரவேலை வரைக்கும் சரி, ரசாயன வேலை இங்கே வேண்டாம்" என்று சிலர் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். நியாயமான பேச்சு. என்ன செய்யப் போகிறோம் என்று முழுதாகச் சொல்லிவிடுகிறேன். கேட்ட பிறகு நீங்கள் முடிவு செய்யுங்கள். வேண்டாம் என்றால் படகை வேறிடத்துக்குக் கொண்டுபோய்விடுகிறோம்.

முதலில், கண்ணாடித் துணி எதற்கு? இந்தப் படகு 4 மில்லிமீட்டர் பிளைவுட்டால் ஆனது. ஐ.எஸ். 710 என்று முத்திரை போட்ட மரைன் பிளைவுட். பலகைகளை வெட்டி, ஓரங்களில் துளையிட்டு, செம்புக் கம்பியால் தைத்து, இணைப்புகளில் மரத்தூள் கலந்த எபாக்சிப் பசையை நிரப்பி, பிறகு கம்பியை உருவிவிடுவது இந்த முறை. 1963-இல் இங்கிலாந்தில் வெளிவந்த 'மிரர்' என்ற சிறு பாய்மரப் படகு இதைப் பிரபலமாக்கியது. வீட்டுக் கொட்டகையில் சாதாரண ஆட்கள் படகு கட்ட முடிந்தது இதனால்தான். ஆனால் 4 மில்லிமீட்டர் பலகை தனியாக நிற்காது. கழிமுகத்தில் ஒரு சிப்பி ஓடு கீறினால் போதும். அதனால்தான் மேலே ஒரு கண்ணாடிச் சட்டை.

நம் ஊர்க் கட்டுமரத்தை நினைத்துப் பாருங்கள். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துக் கட்டைகளைக் காயப் போடுவார்கள். நனைந்த மரம் காய்ந்துவிடும். எங்கள் படகில் அது நடக்காது. நாலாபுறமும் பூசி மூடிவிடுகிறோம். ஓரிடத்தில் பூச்சு விட்டுப்போனால் உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. மரம் உள்ளுக்குள் உளுத்துவிடும், வெளியே பளபளப்பாகவே தெரியும். படகில் உட்காரப் போவது நம் வீட்டுப் பிள்ளைகள். ஆகவே இதில் 'பரவாயில்லை' என்ற பேச்சுக்கே இடமில்லை.

அடுத்து, வாசனை. கடற்கரையில் ஃபைபர் படகு செய்யும் இடத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி வருமே, அது பாலியஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையெங்கும் வந்த ஃபைபர் படகுகள் பெரும்பாலும் அந்த வகைதான். அதைக் கெட்டிப்படுத்தும் திரவம் பெராக்சைடு வகை. கவனக்குறைவாகக் கையாண்டால் தீ ஆபத்து உண்டு. அவை இரண்டும் நம் வளாகத்துக்குள் வராது. பாலியஸ்டர் மரத்தில் சரியாகப் பிடிப்பதும் இல்லை. நாங்கள் பயன்படுத்துவது எபாக்சி. நெடி மிகக் குறைவு. ஆனால் நெடி இல்லாததால் தீங்கில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கெட்டியாகாத எபாக்சி தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வரும். ஒருமுறை வந்துவிட்டால் அந்த ஆள் பிறகு எபாக்சி பக்கமே போக முடியாது. எனவே கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம். தப்பித் தவறிப் பட்டால் சோப்பும் தண்ணீரும்தான்; தின்னர் போட்டுத் துடைக்கக் கூடாது, அது தோலுக்குள் இறக்கிவிடும்.

எபாக்சி என்பது இரண்டு டப்பா: ரெசின், ஹார்ட்னர். டப்பாவில் போட்ட விகிதம்தான் சட்டம். அது எடைக் கணக்கா, அளவுக் கணக்கா என்பதையும் பார்க்க வேண்டும், இரண்டும் ஒன்றல்ல. சீக்கிரம் காயட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டி ஊற்றினால் மிஞ்சியது உள்ளே பிசுபிசுவென்று நின்றுவிடும். முப்பது வருடம் வங்கியில் பேரேடு டேலி பார்த்தவனுக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. ஒவ்வொரு கலவையையும் தராசில் நிறுத்து, நோட்டில் எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போடுகிறோம்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். துணி 5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். சதுர மீட்டருக்கு 200 கிராம். ஆக 1 கிலோ துணி. அதை நனைக்க ஏறக்குறைய அதே எடைக்கு ரெசின் கலவை. நெசவை நிரப்பும் பூச்சுகளுக்கு இன்னும் ஒரு கிலோவுக்கு மேல். இதை ஒரே வாளியில் கலக்க மாட்டோம். சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் தானாகக் கொதிக்கிறதல்லவா? எபாக்சியும் குவியலாகக் கிடந்தால் அப்படித்தான். சூடேறிப் புகையும், பிளாஸ்டிக் டம்ளர் உருகிவிடும். எனவே ஒரு நடைக்கு 200 கிராம், அதுவும் அகலமான தட்டில்.

வேலை நடக்கும் விதம் இது. பலகையின் கூர் ஓரங்களை முதலில் மழித்து உருட்ட வேண்டும். கண்ணாடித் துணி கூர்முனையில் மடங்காது, தூக்கிக்கொண்டு நிற்கும். தூசியை உறிஞ்சி எடுத்துவிட்டு, துணியைப் படகின் மேல் போர்த்திக் கையால் நீவி விடுவோம். நடுக்கோட்டில் ரெசினை ஊற்றி, பிளாஸ்டிக் பட்டித் தகட்டால் இரு பக்கமும் இழுப்போம். வெள்ளை வேட்டி மழையில் நனைந்தால் எப்படி ஆகிறது? அதுபோலத் துணி கண்ணுக்கே தெரியாமல் போய் மரத்தின் ரேகை தெரியும். வெள்ளையாகத் தெரிந்தால் அங்கே ரெசின் போதவில்லை. குளம் கட்டிப் பளபளத்தால் துணி மிதக்கிறது. இரண்டும் ஆகாது.

மாலையில் ஏன் தொடங்குகிறோம் என்று கேட்டீர்கள். காலையில் தொடங்கினால் வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து, பூச்சில் கொப்புளம் கொப்புளமாக வெளிவரும். சூடு இறங்கும் நேரத்தில் பூசினால் அந்தத் தொல்லை இல்லை. முதல் பூச்சு ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே அடுத்ததைப் பூசினால் இரண்டும் ஒன்றாகப் பிணையும். அதனால் இரவு பதினொரு மணி வரை ஒரு விளக்கு எரியும். ஈரக் காற்றில் மேலே மெழுகுபோல ஒரு படலம் படியலாம். தேய்ப்பதற்கு முன் அதைத் தண்ணீரால் கழுவ வேண்டும்.

ஒரு வாரம் நன்றாக இறுகிய பிறகு உப்புத்தாள் வேலை. 80-இல் தொடங்கி, 120, பிறகு 220. துணி வெளியே தெரியும் அளவுக்குத் தேய்த்தால் பலம் போய்விடும். எபாக்சி வெயிலைத் தாங்காது, நாளடைவில் வெளுத்து உதிரும். எனவே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷ் குறைந்தது மூன்று பூச்சு.

இதில் உங்களுக்கு நாங்கள் கொடுக்கும் உறுதிகள் நான்கு. தேய்ப்பதெல்லாம் தண்ணீர் தொட்டுக் கையால்தான். பிளஸ் டூ பரீட்சை நேரத்தில் மெஷின் சத்தம் இருக்காது, கண்ணாடித் தூள் பறக்காது. அந்தச் சேற்றை நாங்களே அள்ளுவோம்; கூட்டிப் பெருக்க வரும் அம்மாக்கள் அந்த இடத்தைத் தொட வேண்டாம், அவர்களிடம் முகக்கவசம் கிடையாது. மிஞ்சிய ரெசின் சாக்கடைக்குப் போகாது. தட்டில் பரப்பிக் கெட்டியான பிறகே குப்பைக்குப் போகும். வேலை நடக்கும்போது சுற்றிலும் கயிறு கட்டி, ஒருவர் காவலுக்கு நிற்பார். குழந்தைகள் கயிற்றுக்கு வெளியே நின்று தாராளமாகப் பார்க்கலாம்.

கேட்பது இரண்டு ஞாயிற்றுக்கிழமை மாலைகள், அக்னி நட்சத்திரத்துக்கு முன்பாக. அந்த நோட்டு காவலாளி மேசையில் இருக்கும். யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். நான்கில் ஒரு உறுதி தவறினாலும் அன்றே வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. படகு தண்ணீரில் இறங்கும் நாளில் உயிர்காப்புச் சட்டை இல்லாமல் யாரும் ஏற முடியாது, என்னையும் சேர்த்து.

இனி நீங்கள் சொல்லுங்கள்.