கட்டில் இல்லாதவர்களின் தூக்கமின்மை



1998இல் ட்ரேசி எமின் என்ற பிரிட்டிஷ் கலைஞர் தன் கட்டிலையே 'என் கட்டில்' என்ற இன்ஸ்டலேஷனாகக் காட்சிக்கு வைத்தார். கசங்கிய விரிப்பு, காலி மதுப்புட்டிகள், மாதவிடாய்க் கறை படிந்த உள்ளாடை. 2014இல் அது 25 லட்சம் பவுண்டுக்கும் மேல் ஏலம் போனது. லூயிஸ் பூர்ஜுவா 1994-95இல் தூக்கம் வராத இரவுகளில் 220 தாள்களில் வரைந்து தள்ளினார். பெண்ணின் அந்தரங்கத் துயரத்துக்குக் காட்சிக்கூடத்தில் இடம் பெற்றுத் தந்தவர்கள் இவர்கள். மாதவிடாய் நிற்கும் காலத்தின் வியர்வையும் விழித்த இரவுகளும் இன்று கலையாவதை வரவேற்கிறேன். ஆனால் அந்தக் கட்டில் யாருடையது?

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்திலிருந்து ஆண்டுதோறும் கரும்பு வெட்டப் போகும் குடும்பங்களில் தலித்துகளும் நாடோடிச் சமூகத்தினரும் அதிகம். கணவனும் மனைவியும் சேர்ந்தால்தான் 'ஓர் அரிவாள்' என்று கணக்கு. முன்பணம் வாங்கியாயிற்று, ஒரு நாள் வராவிட்டால் அபராதம். வயலோரக் கூடாரத்தில் கழிப்பறை கிடையாது. வயிற்றுவலி என்று மருத்துவரிடம் போனவர்களைப் புற்றுநோய் வரும் என்று பயமுறுத்திக் கருப்பையை எடுத்த செய்திகள் வெளிவந்தன. 2019இல் மாநில அரசு அமைத்த குழு விசாரித்த சுமார் 82,000 பெண்களில் 13,000க்கும் மேற்பட்டோர் கருப்பை அகற்றப்பட்டவர்கள்.

கருப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், 45 வயதுக்கு மேல் மெல்ல வர வேண்டிய மாதவிடாய் நிறுத்தம் ஒரே நாளில் வந்துவிடும். அவற்றை விட்டுவைத்தாலும் அது முன்கூட்டியே வரக்கூடும். நள்ளிரவில் உடல் கொதித்து விழிப்பவள், விடியுமுன் அடுப்பு மூட்டிவிட்டுக் கரும்புக்கட்டு சுமக்கப் போக வேண்டும். இந்தத் தூக்கமின்மையில் ஹார்மோனுக்கு இருக்கும் பங்கு சாதிக்கும் கூலிக்கும் மருத்துவ வணிகத்துக்கும் இருக்கிறது.

இதைப் பற்றிக் கலை செய்யும் தோழர்களிடம் நான் கேட்பது இதுதான். சாதியில்லாத ஒரு பொதுப் பெண்ணுடலைக் கற்பனை செய்யாதீர்கள். அரிவாளையும் கூடாரத்தையும் அபராதக் கணக்கையும் காட்சிக்கூடத்துக்குக் கொண்டுவாருங்கள். அந்தப் பெண்களின் சம்மதத்தோடு செய்யுங்கள். அவர்கள் விரும்பினால் படைப்பாளர்களாக அவர்கள் பெயரையும் போடுங்கள். கிடைக்கும் பணத்திலும் பங்கு கொடுங்கள்.

தேவையற்ற கருப்பை அகற்றங்களைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டும் என 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நம் மாநிலம் என்ன செய்திருக்கிறது என்ற கேள்வியைக் காட்சிக்கூடத்தின் வாசலிலேயே எழுதி வையுங்கள்.