தேர் ஓட அச்சாணி வேண்டாமா?



எதிரணி நண்பர் சொல்லிட்டுப் போனார்: "ஓடுறவனுக்கு ஓட்டமே போதும். பஸ்கி, தண்டால் எல்லாம் பயில்வானுக்கு." ஐயா, எனக்குச் சொந்த ஊர் திருவண்ணாமலை. எங்க வீட்டுக் கதையைக் கேளுங்க.

என் அக்கா மகன் போலீஸ் தேர்வுக்குத் தயாரானான். 1500 மீட்டரை 7 நிமிஷத்துல ஓடணும். பையன் என்ன செஞ்சான்? தினமும் விடியற்காலையில கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரையும் ஓடினான். அண்ணாமலையாருக்கே அலுத்துப் போயிருக்கும்! (சிரிப்பு)

தேர்வுக்கு ஒரு மாசம் இருக்கும்போது முழங்கால்ல வலி. மாடிப்படி இறங்க முடியலை. அப்பா இல்லாத பிள்ளை. அந்த வேலையை நம்பித்தான் குடும்பம். அந்த வருஷம் மைதானத்துக்கே போகலை. அக்கா அழுத அழுகை இன்னும் என் காதுல இருக்கு.

ஏன் வலிச்சது? ஓடும்போது ஒவ்வொரு அடியிலயும் நம்ம எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குது. அடிக்கு ஒரு மீட்டர்னு வச்சாலும் 14,000 அடி! தொடையும் இடுப்பும் வலுவா இருந்தா அந்தப் பாரத்தைப் பங்கு போட்டுக்கும். இல்லேன்னா முழங்கால் என்ன பண்ணும், பாவம்?

ஓய்வுபெற்ற உடற்பயிற்சி வாத்தியார் ஒருத்தர்தான் வழி சொன்னார். வலி அடங்கினதும், வாரத்துல இரண்டு நாள் பஸ்கி, படி ஏறி இறங்குறது, குதிகாலைத் தூக்கி நிற்கிறது. பிறகு தோளில் மணல் மூட்டை. ஓட்டம் ஒருநாள் விட்டு ஒருநாள்.

"உடம்பு கனத்துடுமே?" என்பார்கள். ஆரம்ப வாரங்கள்ல தசை பருக்கிறதில்லைங்க. இருக்கிற தசையை நரம்பு நல்லா வேலை வாங்கப் பழகுது. அதே வேகத்துக்குச் செலவாகிற சக்தியும் குறையுது. இங்கிலாந்தின் செபாஸ்டியன் கோ 1980, 1984 இரண்டு ஒலிம்பிக்கிலும் 1500 மீட்டர் தங்கம் வாங்கினார். அவர் எடைப் பயிற்சியும் செய்தவர்தான். அவர் என்ன பயில்வானா? ஒல்லி மனிதர்! (கைதட்டல்)

மறு வருஷம் பையன் 7 நிமிஷத்துக்குள்ள ஓடி முடிச்சான். அக்கா அன்னிக்கும் அழுதா. அது வேற அழுகை.

ஓட்டம் வேண்டாம்னு நான் சொல்லலை. எங்க ஊர் மகாரதத்தை ஆயிரம் பேர் வடம் பிடிச்சு இழுக்கட்டும். அச்சு முறிஞ்சா தேர் நிலைக்கு வருமா? ஓட்டம் வடம் என்றால், உடல் வலுவே அச்சாணி என்று சொல்லி அமர்கிறேன்.